பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் இல்லாமல் போகும் அறை

2025 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. யாழ்ப்பாணத்து அக்கா.

"ரீச்சர், நாங்கள் கோயிலுக்குக் கிட்ட நிக்கிறம். மூண்டு இடத்தில கேட்டாச்சு. ரூம் இருக்கெண்டுதான் முதல்ல சொல்லுகினம். பாஸ்போர்ட்டைக் குடுத்தோடன இல்லையாம். நீங்கள் யோசியாதேங்கோ, பஸ் ஸ்டாண்டில வெளிச்சமாத்தான் இருக்கு."

அவருக்கு வயது அறுபத்தாறு. கூடவே அவருடைய பெறாமகள், கல்லூரியில் படிக்கிற பெண். ராமேசுவரம், மதுரை, திருச்செந்தூர் எல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்துக் கோயில் ஊர் ஒன்றில் இரவு தங்கி, விடிகாலைத் தரிசனம் முடித்து, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு விருதுநகர் மாவட்டம் தேவதானத்தில் என் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. எனக்குச் சிரமம் தரக் கூடாது என்றுதான் லாட்ஜில் தங்குவதாகச் சொல்லியிருந்தார். தெரிந்த ஆட்டோக்காரத் தம்பியை எழுப்பி அனுப்பினேன். அவர்கள் வந்து சேர மணி பதினொன்று தாண்டிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்கா சொன்ன முதல் வார்த்தை, "குறை நினையாதேங்கோ ரீச்சர்."

அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. இடம் இல்லையென்று மூன்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். குறை யாருடையது?

அக்காவுக்கும் எனக்கும் சொந்தம் கிடையாது. நான் அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வரைபடத்தைச் சுவரில் மாட்டி, இந்தியாவுக்குக் கீழே கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிற அந்தத் தீவை எத்தனை தடவை குச்சியால் தொட்டுக் காட்டியிருப்பேன்! நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை வீட்டுக்காரர் இருந்தவரை நடக்கவில்லை. அவர் போன பிறகு, மகன் டூர் பேக்கேஜில் அனுப்பிவைப்பதாகச் சொன்னான். ஐந்து நாளில் பதினாலு இடம், பஸ்ஸிலேயே தூக்கம். வேண்டாம் என்றேன். தனியாகவே போகிறேன், பிடித்த ஊரில் இரண்டு நாள் கூட இருப்பேன் என்றேன். வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. கடைசியில் 2025 மார்ச் மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

அந்தக் கப்பல் வழி ரொம்ப காலம் மூடியிருந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதற்குப் பிறகும் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. எண்பதுகளில் அதுவும் நின்றது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதிதான் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. கடலில் நாலு மணி நேரப் பயணம்தான். எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, நல்லூர் கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் அறை பேசி வைத்திருந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. பனையோலை வேலி, பாதி திறந்திருந்த இரும்பு கேட், உள்ளே முருங்கை மரம். பெட்டியை இழுத்துக்கொண்டு தயங்கி நின்றேன். வெள்ளைச் சேலை கட்டிய அம்மா ஒருவர் வெளியே வந்தார். பெயர் கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. "வெயிலுக்குள்ள வந்திருக்கிறியள். முதல்ல இருங்கோ. தேத்தண்ணி போடுறன்" என்றார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் பாஸ்போர்ட் கேட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரையும் எண்ணையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டார். கைப்பேசியில் பாஸ்போர்ட்டை ஒரு படம் எடுத்தார். வேலை முடிந்தது. நான் ஆசிரியை என்று அந்த நேரத்தில்தான் தெரிந்துகொண்டார். அதிலிருந்து நான் ரீச்சர், அவர் எனக்கு அக்கா.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏசி இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு கட்டில், கொசுவலை, மூடி போட்ட செம்புத் தண்ணீர். கதவுக்கு உள்ளே இரண்டு தாழ்ப்பாள், இரண்டும் எண்ணெய் போட்டது மாதிரி சத்தமில்லாமல் விழுந்தன. தனியாகப் போகிற பெண்ணுக்கு அந்தத் தாழ்ப்பாள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாகப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படுக்கும் முன் அக்கா வந்து, கழிவறைக்குப் போகிற வழியில் இரவு முழுக்க விளக்கு எரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் கிணற்றடியைக் காட்டினார். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் குளித்து வந்து உட்கார்ந்தால், வாழையிலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாரே ஒழிய, ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு நாள் என்று போனவள் ஐந்து நாள் இருந்தேன்.

அங்கிருந்து நயினாதீவுக்குப் போனேன். குறிகட்டுவானில் படகு ஏறினால் கொஞ்ச நேரம்தான். நாகபூஷணி அம்மன் கோயிலில் மதியம் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுகிறார்கள், அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை அட்சய பாத்திரம் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. வரிசையில் எனக்கு முன்னால் சிங்களக் குடும்பம், பின்னால் ஜெர்மனிக்காரப் பெண். இலை போடுகிறவர் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

பிறகு ரயிலில் அனுராதபுரம். அங்கே நான் தங்கியது ஒரு சிங்கள மூதாட்டியின் வீட்டில். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ராத்திரி சோற்றோடு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்து, "பரிப்பு" என்றார். நான் "பருப்பு" என்றேன். இரண்டு பேரும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தோம். கூடத்துச் சுவரில் ராணுவ உடையில் ஒரு பையன் படம், கீழே சின்ன விளக்கு. நல்லூர் அக்கா வீட்டுக் கூடத்திலும் ஒரு இளைஞன் படம் இருந்தது, அதற்கும் விளக்கு எரிந்தது. நான் இரண்டு இடத்திலும் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவும் பட்ட பிறகு அந்நியர் ஒருவருக்கு வீட்டுக் கதவைத் திறக்கிறார்களே என்பதை மட்டும் நினைத்துக்கொண்டே படுத்தேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்களில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. அந்த மூன்று இடங்களில் ஓரிடத்துக்கு மறுநாள் நானே போய்க் கேட்டேன். மேசையில் இருந்தவர் எழுந்து நின்று பேசினார். "சிலோன் பாஸ்போர்ட்டுங்க டீச்சர். சி ஃபாரம் போடணும். எங்களுக்கு அது தெரியாது. நாளைக்கு ஸ்டேஷன்ல கேட்டா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, பயம்தான் இருந்தது. பயத்துக்குக் காரணம் தெரியாமை. தெரியாததைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாதது அதற்கும் காரணம்.

வாசகர்களில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள ஒருவர் இந்தியாவில் எங்கே தங்கினாலும், தங்கவைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அரசுக்குத் தர வேண்டும். லாட்ஜ், தர்மசாலை, ஆஸ்பத்திரி, வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதைத்தான் லாட்ஜ்காரர்கள் 'சி' படிவம் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. தகவல் தரும் கடமை மாறவில்லை. அறை கொடுக்காதே என்று பழைய சட்டமும் சொல்லவில்லை, புதிய சட்டமும் சொல்லவில்லை. தகவல் கொடு என்றுதான் சொல்கிறது. இதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஒரு பேச்சு இருக்கிறது. வேண்டியதெல்லாம் இணையத்தில் ஒருமுறை பதிவு செய்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொள்வதுதான். அப்புறம் ஒவ்வொரு விருந்தினருக்கும் பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார், ஒரு புகைப்படம், இவ்வளவுதான்.

அன்றிரவு அக்காவுக்காக நான் இதைச் செய்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். முதலில் என் வீட்டைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அதற்குத்தான் நேரம் பிடித்தது. மறுநாள் காலை நகல்களை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கும் போனேன். நல்லபடியாகவே பேசினார்கள். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். திரும்பிவந்து அக்காவின் பெறாமகள் விவரத்தைப் போட்டபோது கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் ஒரு வயதான அம்மாளும் ஒரு சின்னப் பெண்ணும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டே தேவைப்படாத இடத்திலும் எனக்கு இது நடந்திருக்கிறது. ஓய்வு பெற்ற வருஷம், நம் மாநிலத்திலேயே ஓர் ஊரில், ராத்திரி ஒன்பது மணிக்கு ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்குறதில்லைம்மா" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார் ஒருவர். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது? திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவது குற்றமாகாது என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, அறுபது வயதுப் பெண் ஒருத்தி தனியாகத் தூங்குவதில் என்ன குற்றம் வந்துவிடும்? அன்று ரயில் நிலையத்துப் பெண்கள் காத்திருப்பு அறையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தங்க இடம் கொடுப்பதை யாரும் புதிதாக நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி இருக்கிறது. பெயரிலேயே சத்திரம். இன்றைக்கு அந்த ஊர்த் தறிகளில் நெய்கிற மருத்துவத் துணி கடல் கடந்து போகிறது, யார் யாருடைய புண்ணையோ கட்டுகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி, ராஜ்யம் கையை விட்டுப் போன பிறகும், 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்குக் கடிதம் எழுதி ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தார். ராமேசுவரம் பாதையில் இருந்த சத்திரங்களை. வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமல்ல, காய்ச்சலில் விழுந்தவருக்கு வைத்தியம், வழியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குப் படிப்பு, இவ்வளவும் அந்தச் சத்திரங்களில் நடந்தன. வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் அவருடைய பாஷை பேசாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

நாமும் வெளியே போய்த் தங்கியவர்கள்தான். நகரத்தார் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது கிட்டங்கியில் பாய் விரிக்க இடம் இருந்தது, கோயில் இருந்தது. ஏ.கே. செட்டியார் உலகம் முழுக்கச் சுற்றிக் காந்தி ஆவணப்படத்துக்குப் படச்சுருளைத் துண்டு துண்டாகச் சேகரித்து 1940-இல் வெளியிட்டார் என்றால், போன இடமெல்லாம் யாரோ அவருக்குக் கதவைத் திறந்திருக்கிறார்கள். இப்படி ஒரு கூரையும் இல்லாமல் போனவர்கள் தோட்டக் கூலிகளாகப் போன நம் சனங்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து, காலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். ராத்திரியில் ஒரு கூரை கிடைப்பது உயிர்க் காரியம் என்பது நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடு.

தேவதானத்து மூலவருக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். பகை மன்னன் அன்பளிப்பாக அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றியதால் வந்த பெயர் என்பது தலபுராணம். வெளியிலிருந்து வருவதைப் பார்த்து எச்சரிக்கையாக இரு என்பதற்கு இந்தக் கதையை எங்கள் ஊரில் உதாரணம் காட்டுவார்கள். எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் பாருங்கள், படம் எடுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நல்லூர் அக்காவும் அதைத்தானே செய்தார்? ஆனால் தேத்தண்ணி கொடுத்த பிறகு செய்தார்.

இந்தப் பக்கம் ஆள் வராத பக்கமும் அல்ல. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் ஆகிய ஐந்தும் தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்கள், எங்களுடையது ஆகாயம். சிவராத்திரியன்று ஐந்தையும் சுற்றி வர எங்கெங்கிருந்தோ கார் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில். மேற்கே மலை முழுக்க 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக மதுரைக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் பக்கமாகத்தான் போகிறது. அந்த வழியில் மூட்டை கட்டிய சைக்கிளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் போவதைப் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் நிற்பார்கள், பால்கோவா வாங்குவார்கள், இருட்டுவதற்கு முன் மதுரைக்குப் போய்விட வேண்டும் என்று மிதிப்பார்கள். இங்கே படுக்க இடம் கிடைக்காது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. விருதுநகர் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் லாட்ஜ்காரர்களை ஒரு நாள் காலையில் கூட்டி உட்காரவைத்து, அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தமிழில் காட்டித்தந்தால் போதும். வெளிநாட்டவருக்கும் தனியாக வரும் பெண்ணுக்கும் அறை மறுக்க வேண்டியதில்லை என்று ஒரே ஒரு தாள் அச்சடித்து, மேசைக்குப் பின்னால் ஒட்டச் சொல்லலாம். மேசையில் உட்காருகிறவர் வாங்குவது மாதச் சம்பளம். அவரைக் காப்பாற்ற ஒரு தாளாவது வேண்டும். அறநிலையத்துறையின் பக்தர்கள் தங்கும் விடுதிகளிலும் இதே தாள் தொங்க வேண்டும்.

அப்புறம் நம் வீடுகள். ராஜபாளையத்திலும் சேத்தூரிலும் எத்தனை பெரிய வீடுகள் மாடி பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகள் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில். கீழே ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு டிவி. மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை கொடுக்கலாம், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஹோம்ஸ்டேக்கு முத்ரா கடன் தருவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் மகள் இன்று ராத்திரி ஏதோ ஒரு நாட்டில் பெட்டியோடு ஒரு வாசலில் நிற்கலாம். அந்த வீட்டம்மா அவளிடம் எதை முதலில் கேட்க வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்களோ, அதையே உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்.

என் மாடி அறைக் கதவுக்கு உள்ளே இரண்டாவது தாழ்ப்பாள் போட்டாயிற்று. மாடிப்படிக்கு ராத்திரி முழுக்க எரிகிற விளக்கும் போட்டிருக்கிறேன். வைகாசி விசாகத் தேருக்கு அக்கா மறுபடி வருகிறார், இந்த முறை தங்கை குடும்பத்தோடு ஏழு பேர். எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் நிரப்ப அந்த லாட்ஜ்காரரும் வந்து கற்றுக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.